குறைந்த செலவில் விளையாட்டுக் கணிப்பொறி

கணிப்பொறி என்ற சொல்லோடு விளையாட்டு என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னால் நம்மில் மூத்தோர் பலர் முகஞ்சுளிப்பர். படிப்புக்கு ஒரு கணிப்பொறி வேண்டுமென்று பிள்ளை கேட்டால் கடன் வாங்கியேனும் கொடுக்க முன்வரும் நாம், விளையாடுவதற்கு ஒன்று வேண்டுமென்றால், "உனக்கு வேறு வேலை இல்லையா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்து விடுகிறோம். பெங்களூருவில் குடியேறிப் பதினாறு ஆண்டுகள் கழித்த எங்கள் இல்லத்திலும் முதலில் அவ்வாறே நிகழ்ந்தது.

ஆனால் பிள்ளை விடவில்லை. மதுரையிலிருக்கும் அவன் பெரியப்பா மகனும், மும்பையிலிருக்கும் அத்தை மகனும் இரவு எட்டு மணிக்கு இணையத்தின் வழியே ஒன்றுகூடிக் கார்ப் பந்தயம் விடுகின்றனர். ஃபோர்சா ஹொரைசன் 5 என்பது அவ்விளையாட்டின் பெயர். 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. மெக்சிகோ நாட்டுச் சாலைகளில் ஓடும் பந்தயம் அது. மூவரில் தன்னிடம் மட்டும் பொறியில்லை என்பது அவன் குறை. ஒரு நாள் அண்ணனோடு கைப்பேசியில் பேசிக்கொண்டே, அவர்கள் விளையாடுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் அவன் அமர்ந்திருந்ததைக் கண்டோம். பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் கன்னடமும் பேசும் அவன் வாயில் தமிழ் தங்கு தடையின்றி வந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான். அன்றே எங்கள் மனம் மாறிற்று. சீட்டு எடுத்த பணத்தில் 50,000 ரூபாயை ஒதுக்கினோம். அப்பணத்தை எவ்வாறு செலவிட்டோம், எங்கே அறிவோடு நடந்தோம், எங்கே ஏமாந்தோம் என்பதையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அலுவலகக் கணிப்பொறிக்கும் விளையாட்டுக் கணிப்பொறிக்கும் வேற்றுமை யாது? கடிதம் எழுதும்போது திரை பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. விளையாட்டிலோ நொடிதோறும் புதிய படம் தீட்டப்பட வேண்டும். சாதாரண மானிட்டர் ஒன்றில் அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் 20,73,600. இத்தனை புள்ளிகளையும் நொடிக்கு 60 முறை தீட்டினால்தான் ஓட்டம் தடையின்றிக் கண்ணுக்குத் தெரியும். ஆக, ஒரு நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள்! இப்பெரும் பணியைச் செய்வதற்கென்றே அமைந்தது கிராபிக்ஸ் கார்டு. ஆகவே விளையாட்டுக் கணிப்பொறியில் பெரும்பணம் அதற்கே செல்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். கார்டைத் தேர்ந்த பின்னர் மானிட்டரைத் தேடுவது தலைகீழான முறை. 2560க்கு 1440 என்ற அளவுள்ள மானிட்டரில் 36,86,400 புள்ளிகள் உண்டு. 4கே என்று சொல்லப்படும் பெருந்திரையில் அவை 1920க்கு 1080 என்ற அளவில் உள்ளவற்றைப்போல் நான்கு மடங்கு. திரை பெரிதாகப் பெரிதாகக் கார்டின் சுமை ஏறும். சுமை ஏற விலையும் ஏறும். குறைந்த பணமுடையோர் 1920க்கு 1080 என்ற அளவோடு மனநிறைவு கொள்வதே தக்கது. எங்கள் வீட்டில் அத்தகைய பழைய மானிட்டர் ஒன்று இருந்தது, அதையே வைத்துக்கொண்டோம்.

பிள்ளை எந்த விளையாட்டை ஆடுவான் என்பதையும் முன்னரே கேட்டறிய வேண்டும். வேலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2 போன்றவை கார்டைக் காட்டிலும் செயலியையே பெரிதும் நம்பியிருப்பவை. மலையும் காடும் நகரமும் விரியும் விளையாட்டுகள் கார்டை வாட்டுபவை. முன்னதை மட்டும் ஆடுபவனுக்கு விலைமிக்க கார்டு வேண்டுவதில்லை.

பணத்தைப் பங்கிட்ட விதத்தையும் சொல்லிவிடுகிறோம். ஐந்தில் இரண்டு பங்கைக் கார்டுக்கு வைத்தோம். செயலிக்கும் மதர்போர்டுக்கும் சேர்த்துப் பத்தில் மூன்று பங்கு. ராம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் ஆகிய நான்குக்கும் எஞ்சிய பங்கு. இப்பங்கீட்டைக் கல்வெட்டு என்று கொள்ள வேண்டா. ஆயினும் கார்டுக்கு முக்கால் பணத்தைக் கொடுத்துவிட்டு மற்றவற்றுக்குச் சில்லறை தேடுவோர் நிலை, மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுவிட்டுப் பந்திக்கு அரிசி இல்லாமல் நின்ற வீட்டார் நிலைதான்.

பெங்களூருவில் இப்பொருள்களுக்குப் பெயர்பெற்ற இடம் சாதர பத்ரப்பா சாலை. எஸ்.பி. ரோடு என்றால்தான் ஆட்டோ ஓட்டுநர்களுக்கு விளங்கும். சென்னையில் ரிச்சி தெரு, மும்பையில் லாமிங்டன் சாலை, தில்லியில் நேரு பிளேஸ் எப்படியோ அப்படி. சிக்கபேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கெம்பே கவுடர் 1537ஆம் ஆண்டில் கோட்டை கட்டி அமைத்த பழைய பேட்டைகள் சூழ்ந்த பகுதி இது. அருகிலேயே திகளரபேட்டையில் தருமராயர் கோயில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமி இரவில் கரகம் புறப்படுவது அங்கிருந்துதான். அக்கரகத்தைச் சுமக்கும் திகளர் குலத்தாரில் பலர் தமிழோடு உறவுடைய மொழியை வீட்டில் பேசுபவர். தோட்டக்காரர்களாய் வாழ்ந்த அம்மக்களின் பேட்டைக்குப் பக்கத்தில் இன்று மின்னணுப் பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. அந்நிய ஊரென்று நாம் அஞ்சிக்கொண்டு செல்லும் சந்தில் நம் மொழியின் நிழல் நமக்கு முன்பே வந்து நிற்கிறது. நிற்க.

அங்கே வார நாளில் காலையில் செல்வது நன்று. முதற் கடையிலேயே பணத்தை எடுத்து நீட்டாமல், மூன்று கடைகளிலாவது கொட்டேஷன் எழுதி வாங்கி, கைப்பேசியில் இணைய விலையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். "எஷ்டு ஆகுத்தெ?" என்று கன்னடத்தில் விலை கேட்டால் கடைக்காரர் முகம் மலரும். அதைவிட இன்றியமையாத வாக்கியம் ஒன்று உண்டு: "ஜி.எஸ்.டி. பில் பேக்கு." பில் இல்லையென்றால் 18 விழுக்காடு வரி மிச்சம் என்று சிலர் ஆசை காட்டுவர். அவ்வாசைக்கு நாங்கள் ஒரு பொருளில் இணங்கினோம். அதன் பயனைப் பின்னர்ச் சொல்கிறோம்.

இப்பொருள்களைத் தேர்வதில் உள்ள பெரிய இடர், பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருப்பதே. எடுத்துக்காட்டாக, ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற கார்டைக் காண்போம். 2022ஆம் ஆண்டில் 8 ஜி.பி. நினைவகத்தோடு அது வந்தது. 2024ஆம் ஆண்டில் அதே பெயரில் 6 ஜி.பி. கார்டு ஒன்று வெளிவந்தது. குறைந்தது நினைவகம் மட்டும் என்றுதானே நாம் எண்ணுவோம்? உண்மை அதுவன்று. உள்ளிருக்கும் கணக்கிடும் உறுப்புகள் 2560இலிருந்து 2304ஆகக் குறைந்தன. நினைவகத்துக்குச் செல்லும் பாதையும் குறுகிற்று. 2016ஆம் ஆண்டின் ஜி.டி.எக்ஸ். 1060 கார்டிலும் 3 ஜி.பி., 6 ஜி.பி. என்ற இரண்டுக்கும் இடையே இத்தகைய வேற்றுமை இருந்தது. அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை எல்லாரும் படிக்கின்றனர். பணம் ஒளிந்திருப்பது சிறிய எழுத்தில்.

செயலியின் பெயரிலும் ஓர் எழுத்து உலகையே மாற்றும். இன்டெல் நிறுவனத்தின் ஐ3 12100எஃப் என்பதில் ஈற்றில் நிற்கும் எஃப், இதற்குள் படம் காட்டும் உறுப்பு இல்லை என்று அறிவிக்கிறது. தனிக் கார்டு இல்லாமல் அதை வாங்கி வந்தால் திரை இருண்டே கிடக்கும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி என்பதிலோ நிலைமை வேறு. ஜி என்ற எழுத்து வந்தால் படம் காட்டும் உறுப்பு உள்ளேயே இருக்கும். கார்டு வாங்க இப்போது பணமில்லை, ஆறு மாதம் கழித்து வாங்கலாம் என்போருக்கு அது நல்ல தொடக்கம். ஆயினும், ஜி இல்லாத 5600இல் 32 எம்.பி. உள்நினைவு இருக்க, 5600ஜியில் 16 எம்.பி.தான் உண்டு. ஆகவே பின்னாளில் கார்டு சேர்த்த பிறகு அது சற்றுப் பின்தங்கும். முதல் நாளே கார்டு வாங்குவோர்க்கு ஜி வேண்டா.

நாங்கள் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் வாங்கியவை ரைசன் 5 5600 செயலியும் ஆர்.எக்ஸ். 6600 கார்டும். அச்செயலி பொருந்தும் ஏ.எம்.4 என்ற மதர்போர்டு வகை அப்போதே முதுமை எய்தியது. 2022ஆம் ஆண்டில் ஏ.எம்.5 வந்துவிட்டது. புதிய வகையில் டி.டி.ஆர்.5 ராம் மட்டுமே பொருந்தும். போர்டின் விலையும் அன்று எங்கள் கைக்கு எட்டவில்லை. பழைய வழியில் செல்வோர் பின்னாளில் செயலியை உயர்த்த இடம் மிகுதியாய் இராது என்பதை அறிந்தே செல்ல வேண்டும். நாங்கள் அறிந்தே சென்றோம். அதில் எமக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறொன்றில். எல்லாம் வாங்கி முடித்தபோது கையிலிருந்த பணம் தேய்ந்துவிட்டது. எஞ்சியது எஸ்.எம்.பி.எஸ். ஒன்றே. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைப் பொறிக்கு ஏற்ற சிறிய அழுத்தங்களாக மாற்றித் தரும் பெட்டி அது. படம் காட்டுவதில்லை, வேகம் தருவதில்லை, வெளியே தெரிவதும் இல்லை. "450 வாட்" என்று பெரிதாக எழுதிய ஒன்றை ஒரு கடையில் எடுத்துக் கொடுத்தனர். பில் வேண்டாமென்றால் இன்னும் குறைப்பதாகச் சொன்னார்கள். நல்ல பெட்டியின் விலைக்கும் இதன் விலைக்கும் 2,600 ரூபாய் வேற்றுமை. "வாட் ஒன்றுதானே" என்று வாங்கிவிட்டோம். கார்டுக்கு வேண்டிய எட்டு முனை இணைப்புக்கூட அதில் இல்லை. கடைக்காரரே ஒரு மாற்று வயரைத் தந்தார். அந்த வயரைக் கண்டபோதே நாங்கள் திரும்பியிருக்க வேண்டும்.

ஏறத்தாழ மூன்று வாரம் மூவரும் மெக்சிகோ நாட்டில் காரோட்டினர். ஒரு மாலை இடியும் மழையும் வந்து மின்சாரம் நின்றது. அது திரும்பி வந்த கணத்தில் கேபினெட்டிலிருந்து ஒரு வெடிப்பொலி. பின்னர்க் கருகிய நாற்றம். பிள்ளை அழவில்லை. "அப்பா, கார்டு போயிருக்குமோ?" என்று மட்டும் கேட்டான். அக்கேள்விக்கு விடை எங்களிடம் இல்லை.

மறுநாள் அதே சாலையில், ஒரு மாடிப்படியின் கீழே பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். கோலார் தங்கவயலில் பிறந்தவர். 2001ஆம் ஆண்டில் அங்கே சுரங்கம் மூடப்பட்ட பின்னர்ப் பிழைப்புத் தேடி இங்கே வந்த பல்லாயிரவரில் ஒருவர். அவர் எங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி ஒரு கையிலும், தம் அலமாரியிலிருந்த நல்ல பெட்டியொன்றை மறு கையிலும் எங்களிடம் கொடுத்தார். "தூக்கிப் பாருங்க சார்" என்றார். ஒன்று தேங்காய், மற்றொன்று கொப்பரை. வெப்பத்தை வாங்கும் உலோகத் தகடுகளும், மின்சாரத்தின் ஏற்றத் தாழ்வை அடக்கும் உறுப்புகளும் இருக்க வேண்டிய இடங்கள் எங்கள் பெட்டியில் வெறுமையாகக் கிடந்தன.

பின்னர் அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த சிறு அட்டவணையைக் காட்டினார். கார்டும் செயலியும் பெரும்பாலும் உண்பது 12 வோல்ட் மின்சாரத்தை. அவ்வரிசையில் 18 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். பெட்டியின் மேலே 450. உள்ளே உண்மையில் பயன்படுவது 216! எங்கள் கார்டுக்கு மட்டும் 132 வாட். செயலிக்கு 65க்கு மேல். விசிறியும் மற்றவையும் சேர்ந்தால் அப்பெட்டி மூச்சுமுட்ட நின்றிருக்கிறது. இக்கணக்கைப் போட ஐந்தாம் வகுப்புப் படிப்பு போதும். கடையிலேயே போட்டிருக்கலாம்.

80 பிளஸ் பிரான்ஸ் என்ற முத்திரையைப் பற்றியும் அவர் விளக்கினார். பாதிச் சுமையில், சுவரிலிருந்து வாங்கும் 100 பங்கு மின்சாரத்தில் ஏறத்தாழ 85 பங்கைப் பொறிக்குத் தருகிறது என்பதே அதன் பொருள். எஞ்சியது வெப்பமாகப் போகும். அம்முத்திரை பாதுகாப்புக்கு உறுதிமொழியன்று. எனினும் தன் பெட்டியைச் சோதனைக்கு அனுப்பும் உற்பத்தியாளன், உள்ளே வெற்றிடம் வைத்து விற்பவனைவிட நம்பத்தக்கவன். முத்திரையோடு நீண்ட காப்புக் காலத்தையும், 12 வோல்ட் வரிசையில் எழுதியுள்ள ஆம்பியரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கார்டு பிழைத்தது. மதர்போர்டு எரிந்தது. எரிந்த போர்டுக்குக் காப்பு இல்லை என்றனர். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கோ பில்லே இல்லை. 2,600 ரூபாயை மிச்சப்படுத்தப் போய், போர்டுக்கும் புதிய பெட்டிக்குமாக அதைப்போல் நான்கு மடங்கு கொடுத்தோம். அப்பணம் சேரும்வரை இரண்டு மாதம் இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் ஓசையில்லை.

அவ்விரண்டு மாதத்தில் வேறு வழிகளையும் ஆராய்ந்தோம். பெங்களூரு அலுவலகங்களில் ஓய்வு பெற்ற கணிப்பொறிகள் இச்சாலைக்கு வந்து குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றில் ஒரு கார்டைச் செருகினால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போதும்; ஆனால் மூன்றைப் பார்க்க வேண்டும். அவற்றின் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் சிறியது, இணைப்பும் தனி வகையாக இருப்பதால் மாற்றுவதும் எளிதன்று. மதர்போர்டின் செருகுவாய் ஒரு கார்டுக்குத் தரக்கூடிய மின்சாரம் 75 வாட் மட்டுமே. ஆகையால் அதற்குள் அடங்கும் கார்டைத்தான் தேட வேண்டும். சற்று முன் குறை சொன்னோமே, அந்த 6 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3050 உண்பது 70 வாட்தான்! தனி மின் இணைப்பின்றியே இயங்கும். ஓரிடத்தில் குறையாக இருந்தது மற்றோரிடத்தில் நிறையாகிவிடுகிறது. மூன்றாவதாக, விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்க இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறையேனும் வேண்டும். அதற்கு முந்திய பொறி எவ்வளவு மலிவாயினும் விளையாட்டுப் பிள்ளைக்கு உதவாது.

பழைய கார்டுகளைப் பற்றியும் ஒரு சொல். ஈதரியம் என்ற எண்ணியல் நாணயத்தை ஈட்ட உலகெங்கும் கார்டுகள் இரவு பகலாக ஓடிய காலம் ஒன்று இருந்தது. 2022 செப்டம்பரில் அம்முறை மாற்றப்பட்டது. அக்கார்டுகள் பழைய பொருள் சந்தைக்குப் பெருகி வந்தன. ஓடித் தேய்ந்த கார்டு எல்லாம் கெட்டது என்பதற்கில்லை. விசிறி சுழலும் ஓசையைக் கேட்டு, அரைமணி நேரம் விளையாட்டையே ஓட்டிக் காட்டச் சொல்லி, வெப்பத்தைப் பார்த்து வாங்கலாம். பழைய கார்டின் உள்நிரலை மாற்றிப் புதிய கார்டின் பெயரைச் சொல்லவைக்கும் வித்தையும் சந்தையில் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச நிரலைக் கடையிலேயே ஓட்டினால் பெரும்பாலும் வேடம் கலைந்துவிடும். மறுக்கும் கடைக்காரரிடம் வாங்க வேண்டா.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். ராமில் 16 ஜி.பி. தேவை; ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜி.பி. இரண்டாக வாங்கினால் இருவழிப் பாதையாக ஓடும். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறிற்று. செயற்கை அறிவு நிலையங்கள் நினைவகத்தைப் பெருமளவில் வாங்கியதே காரணம். ஆதலால் நாங்கள் கொடுத்த விலையை வைத்து இன்று கணக்கிடுவோர் ஏமாறுவர். பங்கீட்டையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். எஸ்.எஸ்.டி. 500 ஜி.பி.யில் தொடங்கலாம், ஃபோர்சா ஒன்றே 100 ஜி.பி.க்கு மேல் இடம் கேட்கும் என்பதால் பின்னர் ஒன்று சேர்க்க மதர்போர்டில் இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. கேபினெட்டுக்கு வண்ண விளக்குகள் வேண்டியதில்லை. முகப்பில் வலைக்கண் இருந்து காற்று நுழைந்தால் போதும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் வாழும் நமக்குக் குளிர்விக்கும் செலவு சென்னை உறவினரைவிடக் குறைவு. தூசியை மட்டும் மாதந்தோறும் துடைக்க வேண்டும்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிறன்று பொறியை மறுபடி பூட்டினோம். திருகாணிகளைத் திருகியவன் பிள்ளை. டார்ச் பிடித்தவர்கள் நாங்கள். பூட்டுமுன் அவன் சமையலறைத் தராசை எடுத்து வந்து, எரிந்த பெட்டியையும் புதிய பெட்டியையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தான். பின்னர் ஒரு தாளில் ஒவ்வொரு பொருளின் பெயரையும், வாங்கிய நாளையும், காப்பு முடியும் நாளையும் வரிசையாக எழுதினான். எஸ்.எம்.பி.எஸ். என்ற வரிக்கு எதிரே மட்டும் அதன் எடையையும் சேர்த்து எழுதி, தாளைக் கேபினெட்டின் பக்கக் கதவுக்கு உட்புறம் ஒட்டினான். எட்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. "அண்ணே, செத்த இருங்க, வந்துர்றேன்" என்று மதுரைக்குச் சொல்லிவிட்டுக் கதவை மூடித் திருகாணியைப் போட்டான்.